டிஸ்க் வாங்கும் முன் கார்டைப் பாருங்கள்

"அண்ணா, நாலு டிபி டிஸ்க் ஆறு வாங்கிட்டோம். சர்வர்ல போட்டா ஒவ்வொண்ணும் ரெண்டு டிபின்னுதான் காட்டுது. டூப்ளிகேட் கொடுத்துட்டானா?"

சிறு அலுவலகங்களில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. டிஸ்க் நல்ல டிஸ்க்தான். அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் ரெய்டு கார்டுக்கு 2 டிபிக்கு மேல் எண்ணத் தெரியாது, அவ்வளவுதான். இதற்குள் பில் போட்டாகிவிட்டது, பெட்டி பிரித்தாகிவிட்டது, கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். பழைய சர்வரில் டிஸ்க் மாற்றுவது பற்றி யாராவது தமிழில் விரிவாக எழுதினால் இந்தப் பணமாவது மிச்சமாகும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதோ எழுதிவிட்டேன்.

ஒரு குறிப்பிட்ட மெஷினை வைத்தே பேசலாம். டெல் பவர்எட்ஜ் ஆர்710. 2009இல் வந்தது. பெரிய கம்பெனிகள் கழித்துவிட்டவை கைமாறிக் கைமாறி அச்சகங்களுக்கும் ஆடிட்டர் ஆபீஸ்களுக்கும் கல்லூரி லேப்களுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. வயது பார்த்து இதை ஒதுக்கிவிட முடியாது. இரட்டை பவர் சப்ளை, பிழையைத் தானே திருத்தும் இசிசி மெமரி, ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கைக் கழற்றும் வசதி எல்லாம் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூரு எஸ்பி ரோட்டிலோ உதிரிப் பாகமும் கிடைத்துவிடும். கோப்புகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் வேலைக்கு இன்றும் தகுதியான பெட்டி. இடம்தான் போதாது. அதற்காகத்தான் டிஸ்க்.

முதலில் அந்த 2 டிபி சுவர். டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு செக்டருக்கும் ஓர் எண் உண்டு. பழைய கார்டுகள் அந்த எண்ணை 32 பிட்டில் வைத்திருந்தன. 32 பிட்டில் எழுத முடிந்தவை 429 கோடியே 49 லட்சம் சொச்சம் எண்கள். ஒரு செக்டருக்கு 512 பைட். பெருக்கிப் பாருங்கள், 2,19,902 கோடி பைட் வரும், அதாவது 2.2 டிபி. அதற்கு மேலே இருக்கும் செக்டர்களுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட கார்டிடம் எண்ணே கிடையாது. சில கார்டுகள் அந்த எல்லையோடு நின்று 2 டிபி என்று காட்டும். வேறு சில கார்டுகளிலும் டிரைவர் மென்பொருள்களிலும், ஆட்டோ மீட்டர் சுற்றி மறுபடியும் பூஜ்யத்துக்கு வருவதுபோல எண் சுற்றிவிடும். 3 டிபி டிஸ்க்கை 746 ஜிபி என்று காட்டுவது இதனால்தான். 3 டிபியில் 2.2 போக மிச்சமுள்ள 0.8 டிபி, 1024இன் கணக்கில் எண்ணினால் அதுதான்.

ஆர்710இல் வந்த ரெய்டு கார்டுகளில் நாம் பார்க்க வேண்டியவை இரண்டு. பெர்க் 6/ஐ, பிறகு பெர்க் எச்700. முன்னதற்கு 2 டிபிதான் எல்லை. அதில் எந்த ஃபர்ம்வேர் போட்டாலும் மாறாது, உள்ளே இருக்கும் சிப்பின் எல்லை அது. எச்700 புதிய ஃபர்ம்வேர் இருந்தால் அதைத் தாண்டும். உங்களிடம் எது இருக்கிறது என்று தெரிய மூடியைத் திறக்கக்கூட வேண்டாம். மெஷின் எழும்பும்போது கார்டின் பெயர் திரையில் ஓடும், அப்போது கன்ட்ரோல் ஆர் அழுத்தினால் அதன் மெனுவே திறக்கும். லினக்ஸ் என்றால் எல்எஸ்பிசிஐ கட்டளை ஒரே வரியில் சொல்லிவிடும். கடைக்குப் போகும் முன் இந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும்.

பெர்க் 6/ஐ இருந்தால் இரண்டு வழி. 2 டிபி டிஸ்க்கோடு திருப்தி அடையலாம், அல்லது கார்டையும் மாற்றலாம். நான் கார்டை மாற்றத்தான் சொல்வேன். பழைய எச்700 விலை குறைவு, வேகமும் நொடிக்கு 3 ஜிகாபிட்டிலிருந்து 6 ஆகிறது. ஆனால் கார்டை மட்டும் வாங்கிவந்து நின்றுவிடாதீர்கள். அதன் கேபிள் முனை வேறு, பழைய கேபிள் அதில் நுழையாது, கேபிளும் சேர்த்தே கேளுங்கள். கார்டின் பேட்டரியையும் பாருங்கள். எழுத வேண்டியதைக் கொஞ்ச நேரம் தன் மெமரியில் வைத்துக்கொள்ளும் கார்டு இது. அந்த நேரத்தில் கரண்ட் போனால் காப்பாற்றுவது பேட்டரிதான். பேட்டரி செத்திருந்தால் கார்டு உஷாராகி எல்லாவற்றையும் நேரடியாக டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். "புது டிஸ்க் போட்டும் ஸ்லோவாத்தான் இருக்கு" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இந்தச் சின்ன பேட்டரிதான் காரணம்.

எச்700 பற்றி இன்னொரு சங்கதி. 2010இல் அது வந்த புதிதில் டெல் முத்திரை இல்லாத டிஸ்க்கை ஏற்கவே ஏற்காது. வாடிக்கையாளர்கள் கொதித்துப் போனார்கள். அதே ஆண்டு டெல் இறங்கிவந்து, புதிய ஃபர்ம்வேரில் அந்தத் தடையை எடுத்துவிட்டது. நல்ல கோபம் அது. நாம் காசு கொடுத்து வாங்கிய மெஷினில் என்ன டிஸ்க் போடுவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் பல ஆண்டுகள் எங்கோ அலமாரியில் கிடந்து உங்கள் கைக்கு வரும் கார்டில் அந்தப் பழைய ஃபர்ம்வேரே இருக்கக்கூடும். முதல் வேலையாக அதைப் புதுப்பித்துவிடுங்கள்.

ரெய்டு கார்டே வேண்டாம், இசட்எஃப்எஸ் போட்டு டிஸ்க்குகளை நேரடியாகவே ஆளப்போகிறேன் என்பவர்கள் எச்200 கார்டைத் தேடுவார்கள். அதுவும் 2 டிபி தாண்டும். ஆனால் அதன் ஃபர்ம்வேரை மாற்றி எல்எஸ்ஐ நிறுவனத்தின் கார்டாக ஆக்கிவிட்டால், ஆர்710இல் இந்தக் கார்டுகளுக்கென்றே உள்ள பிரத்யேக ஸ்லாட் அதைச் செல்லாத கார்டு என்று சொல்லி மெஷினை எழும்பவிடாமல் நிறுத்திவிடும். சாதாரண பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் போட்டால் வேலை செய்யும்.

கார்டு தாண்டினாலும் இன்னொரு சுவர் இருக்கிறது. அதே 32 பிட் கணக்கு எம்பிஆர் பார்ட்டிஷன் அட்டவணையிலும் உண்டு. பெரிய டிஸ்க்குக்கு ஜிபிடி வேண்டும், ஜிபிடியிலிருந்து விண்டோஸ் எழும்ப யுஇஎஃப்ஐ வேண்டும். ஆர்710இல் யுஇஎஃப்ஐ இருக்கிறது என்றாலும் அந்தக் காலத்து யுஇஎஃப்ஐயோடு மல்லுக்கட்ட எனக்கு விருப்பமில்லை. சுலபமான வழி கார்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆறு டிஸ்க்கையும் ஒரே குழுவாக வைத்து, அதிலிருந்து 100 ஜிபியில் ஒரு விர்ச்சுவல் டிஸ்க்கையும் மிச்சம் முழுவதற்கும் இன்னொன்றையும் வெட்டிக்கொள்ளுங்கள். சின்னதில் ஆபரேட்டிங் சிஸ்டம், பழைய பயாஸ் முறையிலேயே எழும்பும். பெரியதில் ஜிபிடி போட்டுத் தரவு. சண்டையே இல்லை.

இனி டிஸ்க்கை வாங்கலாம். சாஸ் பேக்பிளேனில் சாட்டா டிஸ்க் பொருந்தும். சாஸ் டிஸ்க்கை சாட்டா கேபிளில் செருக முடியாது, சாட்டா முனையில் இருக்கும் இடைவெளியை சாஸ் டிஸ்க்கில் அடைத்தே வைத்திருக்கிறார்கள். ஆகவே ஆர்710 போன்ற பெட்டியில் இரண்டும் ஓடும், ஒரே ரெய்டு குழுவில் மட்டும் இரண்டையும் கலக்காதீர்கள். ட்ரேயில் திருகு மாட்டும் துளைகள் இரண்டு தொகுதியாக இருக்கும். இடையில் ஒரு சிறு அடாப்டர் அட்டை வைத்து மாட்டும் சாட்டா டிஸ்க்குக்கு ஒரு தொகுதி, நேரடியாக மாட்டுவதற்கு இன்னொன்று. தவறான துளையில் மாட்டினால் டிஸ்க் பேக்பிளேனைத் தொடாது. டிஸ்க் தெரியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

டவர் வகைச் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. புதிய பெரிய டிஸ்க்குகள் சிலவற்றில் பவர் முனையின் மூன்றாவது பின், டிஸ்க்கை அணைக்கும் கட்டளைக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. பழைய பவர் சப்ளைகள் அதே பின்னில் 3.3 வோல்ட் அனுப்புகின்றன. டிஸ்க் அதை அணைந்திரு என்று புரிந்துகொண்டு சுற்றாமலே கிடக்கும். செத்த டிஸ்க் என்று இதைத் திருப்பிக் கொடுத்தவர்கள் ஏராளம். அந்தப் பின் மேல் காப்டன் டேப் ஒரு துணுக்கு ஒட்டினால் டிஸ்க் உயிர்பெற்றுவிடும்.

விலை மலிவு என்று டெஸ்க்டாப் டிஸ்க்கை வாங்கி ரெய்டில் போடுவது பற்றி எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. போடாதீர்கள். டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு செக்டர் படிக்க வரவில்லை என்றால் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். தனியாக ஓடும் கணினியில் அது நல்ல குணம். ரெய்டு கார்டோ சில விநாடிகள் பார்த்துவிட்டு, பதில் சொல்லாத டிஸ்க் செத்துவிட்டது என்று குழுவிலிருந்து தள்ளிவிடும். ரெய்டுக்கென்று வரும் டிஸ்க்குகள் வழக்கமாக 7 விநாடியில் முயற்சியை நிறுத்தி, என்னால் முடியவில்லை என்று கார்டிடம் சொல்லிவிடும், கார்டு மற்ற டிஸ்க்குகளிலிருந்து அதைச் சரிசெய்துகொள்ளும். இந்த ஒரு குணத்துக்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம்.

அடுத்தது எஸ்எம்ஆர். ஓடு வேய்வது மாதிரி ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம் படியும்படி எழுதும் முறை. கொள்ளளவு கூடும், ஆனால் நடுவில் ஒன்றை மாற்றி எழுத அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். ரீபில்டு போன்ற நீண்ட எழுத்தில் இந்த டிஸ்க்குகள் மூச்சுத் திணறிவிடும். 2020 ஏப்ரலில்தான், என்ஏஎஸ் பெட்டிகளுக்கென்று விற்கப்பட்ட ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் ஒப்புக்கொண்டது. அதுவரை விவரப் பட்டியலில் அது இல்லை. இப்போது நிறுவனங்கள் வெளியிடுகின்றன. மாடல் எண்ணை வைத்துச் சரிபார்த்து, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத வழக்கமான முறையான சிஎம்ஆர் என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பழைய டிஸ்க் வாங்குபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து கழற்றிய சாஸ் டிஸ்க்குகள் சில 520 பைட் செக்டரில் இருக்கும். உங்கள் கார்டு அதைப் பார்த்துவிட்டு ஏற்க மறுக்கும். எஸ்ஜி ஃபார்மேட் என்ற லினக்ஸ் கருவி அதை 512க்கு மாற்றித் தரும், பல மணி நேரம் பிடிக்கும், நடுவில் கரண்ட் போகக் கூடாது. இரண்டாவது, ஓடிய நேரம். 2025 தொடக்கத்தில், பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளில் ஓடிய நேரத்தைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கை யாரோ பூஜ்யமாக்கிப் புதியதாக விற்றது ஜெர்மனியில் வெளிவந்தது. அழிக்கப்படாமல் இருந்த ஃபார்ம் என்ற இன்னொரு உள் பதிவில்தான் உண்மை தெரிந்தது. ஸ்மார்ட்சிடிஎல் கருவியின் புதிய பதிப்புகள் அதையும் படிக்கும். ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்கையும் மெகாரெய்டு என்ற தேர்வைக் கொடுத்து அதே கருவியால் பார்க்கலாம்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது.

பெரும்பாலோர் டிஸ்க் மாற்றுவது எப்படி என்றால், ரெய்டு 5 ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பழைய டிஸ்க்கைப் பிடுங்கி, புதியதைச் செருகி, ரீபில்டு முடியும்வரை காத்திருந்து, அடுத்ததைப் பிடுங்குவார்கள். ஆபீஸ் நிற்காது, யாருக்கும் தெரியாது, கேட்க அழகாக இருக்கிறது. பழைய சர்வரில் இதைச் செய்யவே கூடாது என்பது என் தீர்மானமான எண்ணம்.

கணக்குப் போடுவோம். 1 டிபி டிஸ்க் ஆறு, ரெய்டு 5, உள்ளே 5 டிபி. முதல் டிஸ்க்கைப் பிடுங்கியதும் அதன் தரவைக் கணக்கிட மற்ற ஐந்து பழைய டிஸ்க்குகளையும் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர்வரை படிக்க வேண்டும். அடுத்த முறை நான்கு பழையவை, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. கூட்டினால் பழைய டிஸ்க்குகளிலிருந்து மட்டும் 15 டிபி படிப்பு. சாதாரண டிஸ்க்குகளின் விவரத் தாளில், படிக்க முடியாத பிழை 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒன்றைத் தாண்டாது என்று போட்டிருப்பார்கள். அது 12.5 டிபி. நம் 15 டிபி அதைத் தாண்டிவிட்டது. விவரத் தாளில் உள்ளது ஓர் உச்ச வரம்பு, நடைமுறையில் டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே ஓடுகின்றன, நிறுவனத் தர டிஸ்க்குகளுக்கு வரம்பே பத்து மடங்கு மேல். சரி. ஆனால் அந்தத் தாள் புதிய டிஸ்க்குக்கு எழுதியது. பத்து வருடம் ஓடிய டிஸ்க்கைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

அந்த ஐந்து டிஸ்க்குகளும் ஒரே நாளில், ஒரே பெட்டியில் வந்தவை. ஒரே சூட்டில், ஒரே அதிர்வில் வயதானவை. ஒன்றின் மூலையில் யாரும் பல வருடமாகத் தொடாத கோப்பு இருக்கிறது, அந்த செக்டர் மெல்ல மங்கிக்கொண்டிருக்கிறது, யாரும் படிக்காததால் யாருக்கும் தெரியாது. ரீபில்டு வந்து அந்தக் கதவைத் தட்டும் நேரத்தில் ரெய்டு 5 ஏற்கெனவே ஒரு டிஸ்க்கை இழந்து நிற்கிறது. தாங்கிப் பிடிக்க வேறு எதுவும் இல்லை. அந்த நிலையை உண்டாக்கியது விபத்து அல்ல, நாமே வலியப்போய் ஆறு முறை உண்டாக்குகிறோம். அதுவும் எதற்கு? அந்தக் காலத்துக் கார்டுகள் பலவற்றில் ஆறையும் மாற்றி முடித்தாலும் விர்ச்சுவல் டிஸ்க்கின் அளவு பழையபடியே நிற்கும், கூடுதல் இடம் கிடைக்காது. லினக்ஸ் எம்டி ரெய்டும் இசட்எஃப்எஸ்ஸும் வளர்ந்துகொள்ளும், அது வேறு கதை.

நான் பின்பற்றுவது மிக எளிது. 5 டிபியையும் வெளியே ஒரே முறை நகலெடுங்கள். பழைய டிஸ்க்குகள் தரும் உழைப்பு அந்த ஒரு படிப்போடு முடிகிறது, அந்த நேரத்தில் ரெய்டும் முழு பலத்தோடு இருக்கிறது. ஒரு செக்டர் படிக்கவில்லை என்றால் கார்டு பாரிட்டியிலிருந்து சரிசெய்து கொடுத்துவிடும். ஆர்710இல் இருப்பது யுஎஸ்பி 2.0 மட்டும். அதில் நொடிக்கு 35 எம்பி வந்தால் அதிகம், 5 டிபிக்கு நாற்பது மணி நேரம் ஆகும். கிகாபிட் நெட்வொர்க்கில் இன்னொரு மெஷினுக்கு 110 எம்பி வேகத்தில் அனுப்பினால் பதின்மூன்று மணி நேரத்துக்குள் முடியும். வெள்ளிக்கிழமை மாலை தொடங்கினால் சனிக்கிழமை காலையில் நகல் தயார். நகல் எடுத்தேன் என்று மட்டும் நிறுத்தாமல் இரு பக்கமும் செக்சம் போட்டு ஒப்பிடுங்கள். டேலி தரவு, டேட்டாபேஸ் எல்லாம் இருந்தால் அவற்றை நிறுத்திவிட்டு நகலெடுங்கள், அல்லது அவற்றின் சொந்த பேக்கப்பை எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் கோப்பின் நகல் திரும்பத் திறக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

பிறகு மெஷினை முறையாக அணைத்து, பழைய ஆறையும் கழற்றி, எந்த பேயில் இருந்தது என்று ஒவ்வொன்றிலும் 0 முதல் 5 வரை ஸ்டிக்கர் ஒட்டி எடுத்து வையுங்கள். கார்டையும் மாற்றினால் பழைய கார்டையும் அதே பெட்டியில் போடுங்கள். ரெய்டு அமைப்பு டிஸ்க்குகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. என்ன ஆனாலும் பழைய கார்டு, பழைய டிஸ்க் ஆறையும் மாட்டி, ஃபாரின் கான்ஃபிகரேஷன் என்று திரையில் கேட்கும்போது இம்போர்ட் கொடுத்தால் வெள்ளிக்கிழமை மாலை இருந்த சர்வர் அப்படியே திரும்ப வரும். கிளியர் என்ற சொல் பக்கத்திலேயே இருக்கும், அதைத் தொடாதீர்கள். ஒன்றொன்றாக மாற்றும் முறையில் இந்தத் திரும்பும் பாதை கிடையாது. முதல் டிஸ்க்கைப் பிடுங்கிய நிமிடமே அது அடைபட்டுவிடும்.

புதிய டிஸ்க்குகளை ரெய்டில் சேர்ப்பதற்கு முன், வேறொரு கணினியில் மாட்டி ஸ்மார்ட் நீண்ட சோதனை ஓட்டிவிடுங்கள். 4 டிபிக்கு ஓர் இரவு பிடிக்கும். பிறவிக் குறை உள்ள டிஸ்க் அந்த இரவிலேயே காட்டிக்கொடுத்துவிட்டால் கடையில் மாற்றிக்கொள்ளலாம். ஆறு 4 டிபிக்கு ரெய்டு 6 போட்டால் 16 டிபி கிடைக்கும், எந்த இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும். டேட்டாபேஸ் ஓடுகிறது, எழுத்து அதிகம் என்றால் ரெய்டு 10, 12 டிபி. இந்த அளவு டிஸ்க்குக்கு ரெய்டு 5 இனி வேண்டாம்.

எஸ்எஸ்டி போடலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. இரண்டு பேயில் எஸ்எஸ்டி, நான்கில் சுற்றும் டிஸ்க் என்று பிரித்தால் பில்லிங் மென்பொருள் பறக்கும். 15,000 சுழற்சி வேக டிஸ்க்கே நொடிக்கு இருநூறு சிதறிய படிப்புகளோடு களைத்துவிடும், சாதாரண சாட்டா எஸ்எஸ்டி பல ஆயிரத்தைத் தாண்டும். பழைய 3 ஜிகாபிட் கார்டிலும் அந்த வித்தியாசத்தை உடனே உணர்வீர்கள். கரண்ட் போகும் ஊர் நம் ஊர் என்பதால் உள்ளே கெபாசிட்டர் வைத்த, மின்தடை பாதுகாப்பு உள்ள மாடலாகப் பாருங்கள். இந்த ரெய்டு கார்டுகள் டிரிம் கட்டளையை எஸ்எஸ்டிக்குக் கடத்தாது, ஆகவே கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்காமல் விட்டுவிடுங்கள்.

புதியது ஒழுங்காக ஓடி, அதன் பேக்கப்பை ஒரு முறையாவது எடுத்து, அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பார்த்த பிறகே பழைய டிஸ்க்குகளை அழியுங்கள். ஆடிட்டர் ஆபீஸ் டிஸ்க்கில் எத்தனை பேருடைய பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கும் என்று யோசியுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போகக் கூடாது. முழுதாக ஒரு முறை பூஜ்யம் எழுதி, எழுத முடியாததைத் துளை போட்டு, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இதையெல்லாம் ஆர்710க்கும் அதற்குப் பிறகு வந்தவற்றுக்கும் சொல்கிறேன். 2006இல் வந்த பவர்எட்ஜ் 2950 இன்னும் சில இடங்களில் ஓடுகிறது, அதற்கும் டிஸ்க் கேட்கிறார்கள். அதன் எஃப்பி டிம் மெமரி குடிக்கும் மின்சாரமும் கக்கும் சூடும் மிக அதிகம். சும்மா நிற்கும்போது 200 வாட் என்று வைத்தால்கூட வருடத்துக்கு 1,752 யூனிட், ஏசி செலவு தனி. அதற்கு டிஸ்க் வாங்கும் பணத்தை ஒரு நல்ல ஆர்720க்கு முன்பணமாகப் போடுங்கள்.